கரிவாயு உலையின் கியாரண்டி

தோழிகளே, இன்று நடந்ததை ஒன்றும் கூட்டாமல் எழுதுகிறேன்.

அக்காவுக்குப் பிரசவ வலி. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காததால், கரியை எரித்து அந்த வாயுவில் வண்டியை ஓட்ட எங்கள் காரில் புதிதாக மாட்டிய கரிவாயு உலையோ வேலை செய்யவில்லை.

"குழாய் அடைச்சிக்கினு கீது சார். கம்பெனி வெச்ச முத்திரையை உடைச்சாத்தான் தொறக்கலாம்" என்றார் பக்கத்து வீட்டு டிரைவர் காசிம்.

"உடைச்சா கியாரண்டி போயிடும். கம்பெனிக்காரன் வந்துண்டிருக்கான்" என்றார் அப்பா.

பின் ஸீட்டிலிருந்து அக்கா முனகினாள். "எனக்கு யாருப்பா கியாரண்டி?"

அப்பா காசிமிடம் சுத்தியலை வாங்கி, முத்திரையைத் தானே உடைத்தார். காசிம் குழாயைத் துடைத்ததும் வண்டி கிளம்பியது. ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

சாயங்காலம் கம்பெனி ஆள் வீட்டுக்கு வந்தார். "முத்திரையை யார் சார் உடைச்சது?"

"என் பேத்தி" என்றார் அப்பா. "இப்பத்தான் பொறந்தா."

அவர் உடைந்த முத்திரையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கியாரண்டி இருக்கிறதா, போய்விட்டதா? நீங்களே சொல்லுங்கள். இருட்டடிப்பு நேரம், விளக்கை அணைத்துவிட்டார்கள்.