என் மகளின் கட்டுரையில் நான்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு ஃபைலை பிரிண்ட் எடுத்து வரவேண்டும். அவ்வளவுதான் வேலை.

கடைக்காரர் பல வருடமாகத் தெரிந்தவர். வழக்கமாகத் தாளை எடுத்து அப்படியே நீட்டிவிடுவார். அன்று நின்று படித்தார். படிக்கப் படிக்க முகம் மாறியது. ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்கக்கா" என்றார். பிறகு மெதுவாக, "கை இப்ப எப்படி இருக்குது?" என்றார்.

"என் கைக்கு என்ன?"

"இல்லக்கா, பொண்ணு எழுதியிருக்குதே... மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. கவலப்படாதீங்க. அது படிச்சு வந்து உங்கள நல்லா வச்சுக்கும்."

தாளை வாங்கி அங்கேயே நின்று படித்தேன். வெளிமாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. மார்க்கை மட்டும் பார்க்க மாட்டார்கள். விண்ணப்பிக்கிறவர் தன்னைப் பற்றி இங்கிலீஷில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். கட்டுரை பிடித்தால் இண்டர்வியூ. அதிலும் தேறினால் படிப்பு முழுக்க உதவித்தொகை. என் மகள் ஒரு மாதமாக அந்தக் கட்டுரையைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். காட்டச் சொன்னால், "உனக்குப் புரியாதும்மா" என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தாள்.

புரிந்தது. ஒவ்வொரு வரியும் புரிந்தது. 'என் அம்மா படிக்காதவர். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் கூலி வேலை செய்கிறார். ரசாயனம் பட்டு அவர் கைகள் வெந்துபோயிருக்கின்றன. தினமும் அழுதுகொண்டே வீடு திரும்புவார். அந்தக் கண்ணீரைத் துடைக்கவே நான் படிக்க விரும்புகிறேன்.'

நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவள். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்யும் ஒரு கம்பெனியில் பதினான்கு வருடமாக வேலை. கடைசிப் பரிசோதனைப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. என் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டி கூட வெளியே போகாது. கையில் ஒரு தழும்பு உண்டு, உண்மைதான். பலாப்பழம் வெட்டும்போது பட்டது.

கடையிலிருந்து வீட்டுக்கு ஐந்து நிமிட நடை. அன்று அது நீண்டுகொண்டே போனது. கோபம் என்று சொல்ல முடியாது. வெட்கம். ஊரறிய யாரோ என்னை அழுக்குத் துணியில் நிறுத்திவிட்ட மாதிரி ஒரு வெட்கம். அதுவும் நான் பெற்ற பெண்!

வீட்டுக்கு வந்து நான் கத்தவில்லை. என் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் வேலையில் ஒரு மூடியை ஒதுக்கினால், 'சரியில்லை' என்று மட்டும் எழுதிவிட முடியாது. எந்த இடத்தில், என்ன குறை என்று எழுத வேண்டும். அப்படித்தான் எழுதினேன். 'படிக்காதவர்' என்ற இடத்தில் வட்டம் போட்டு, பக்கத்தில் 'பொய்'. 'வெந்துபோயிருக்கின்றன', பொய். 'தினமும் அழுதுகொண்டே', பொய். பதினோரு இடம் வந்தது. தாளை அவள் முன்னால் வைத்தேன்.

பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. சண்டைக்கு வந்தாள்.

"எல்லாரும் இப்படித்தாம்மா எழுதறாங்க. டியூஷன் சார் படிச்சுட்டு கண்ணு கலங்கிட்டாரு, இதையே அனுப்புன்னாரு. கஷ்டம் இருந்தாத்தான் கூப்பிடுவாங்க. எனக்குன்னு எழுதறதுக்கு என்ன கஷ்டம் இருக்குது, சொல்லு?"

"அதுக்கு? என்னை எடுத்து எழுதிடுவியா?"

"உன்னைன்னு இல்லம்மா. ஒரு அம்மா."

"ஒரு அம்மாவா? மேல உன் பேர் போட்டிருக்குதே."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, "ஸ்கூல்ல உங்கம்மா என்ன பண்றாங்கன்னு கேட்டா, ஃபேக்டரின்னு மட்டும்தான் சொல்லுவேன். அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு எனக்கே தெரியாதும்மா" என்றாள்.

அந்த வார்த்தை என் கோபத்தை இறக்கிவிட்டது. பதினான்கு வருடத்தில் நான் ஒருநாளாவது அவளை உட்காரவைத்து என் வேலையைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனா? இல்லை. வந்ததும் சமையல், துணி, தூக்கம்.

கட்டுரையை அனுப்ப நான்கு நாள்தான் இருந்தது. "வேற எழுதலாம். நீ செஞ்சது ஏதாவது எழுது" என்றேன். அவள் எதைச் சொன்னாலும் சப்பென்று இருந்தது. பேச்சுப்போட்டி, கோலப்போட்டி, முதல் மார்க். அப்போதுதான் எனக்கு அந்தத் தண்ணீர் சமாச்சாரம் ஞாபகம் வந்தது.

அவள் பத்தாவது படிக்கும்போது நடந்தது. கடலை ஒட்டிய பகுதி என்பதால் எங்கள் தெருவில் சில வீடுகளில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக அவள் ஒரு சின்னக் கருவி செய்தாள். ஒரு பேட்டரி, ஒரு குட்டி பல்பு, இரண்டு ஒயர். ஒயர் முனைகளைத் தண்ணீரில் விட்டால், உப்பு அதிகமாக இருக்க இருக்க பல்பு பிரகாசமாக எரியும். இருபத்து மூன்று வீட்டில் சோதித்து, யார் வீட்டுத் தண்ணீர் நல்லது, யாருடையது உப்பு என்று அவரவரிடம் சொல்லியும் விட்டாள். தெருவே பாராட்டியது.

கண்காட்சியில் நடுவராக வந்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நடுவுல பேட்டரிய மாத்துனியாம்மா?" அவள் மாற்றவில்லை. போகப் போக பேட்டரி இறங்கி, கடைசி வீடுகளில் பல்பு மங்கலாக எரிந்திருக்கிறது. அதை நல்ல தண்ணீர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டாள். ஆனால் அடுத்த நாளே புதுப் பேட்டரியோடு முதல் வீட்டிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள். கடைசி எட்டு வீட்டில் ஆறு வீட்டுத் தண்ணீர் உப்பு. அந்த ஆறு வீட்டுக் கதவையும் தட்டி, "அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதில் ஒரு வீட்டில் ரத்தக்கொதிப்புக்காக உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்த பெரியவர் ஒருவர் இருந்தார். முந்தின வாரம் இவள் சொன்னதை நம்பி, கேன் தண்ணீரை நிறுத்திவிட்டு போர் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்திருந்தார். அன்றைக்கே மறுபடியும் கேனுக்கு மாறினார்.

"அத எழுது" என்றேன்.

"தோத்துட்டு அழுதத யாராவது எழுதுவாங்களா?"

"அழுதத மட்டுமா எழுதச் சொல்றேன்? மறுநாள் எந்திரிச்சுப் போனியே, அத எழுது."

நம்பிக்கையில்லாமல்தான் ஆரம்பித்தாள். எழுத எழுத அவளுக்கே வேகம் வந்துவிட்டது. இரண்டு நாள் சாயங்காலம் சமையலறை மேடையில் தாளை வைத்துக்கொண்டு இருவரும் மல்லுக்கட்டினோம். எனக்கு அவளளவு இங்கிலீஷ் வராது. ஆனால் எங்கே இழுக்கிறது, எங்கே ஜோடனை அதிகம் என்று தெரிந்தது. அவள் என் வேலையைப் பற்றியும் கேட்டாள். மூடியில் என்னென்ன குறை வரும், எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று துருவித் துருவிக் கேட்டாள். இதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் எனக்கு ஒரு ஆசை. "நான் தைரியம் சொன்னதையும் ஒரு வரி சேரேன். 'என் அம்மா கொடுத்த ஊக்கத்தால் மறுபடியும் கிளம்பினேன்'னு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிவப்புப் பேனா என் கையில்தான் இருந்தது. அதை வாங்கி, தாளின் ஓரத்தில் நான் பென்சிலால் எழுதியிருந்த அந்த வரிக்கு வட்டம் போட்டாள்.

"இது பொய்ம்மா."

"என்னடி பொய்?"

"நீ தைரியம் சொல்லல. நான் திரும்பப் போறேன்னு சொன்னப்ப, 'விடு, யாருக்குத் தெரியப்போவுது? வீடு வீடாப் போய் நீயே மானத்த வாங்கிக்காத'ன்னு திட்டின."

அப்படியா சொன்னேன்? மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த நாள் கண் முன்னால் வந்துவிட்டது. வாசலில் அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறாள். நான் கதவை மறித்து நிற்கிறேன். தெருவில் என் பெயர் கெட்டுவிடுமே என்பதுதான் அன்று என் கவலை. இந்த இரண்டு வருடமாக, நான் அவளைத் தட்டிக்கொடுத்து அனுப்பியதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பற்றி பதினோரு பொய் எழுதினாள் என்று எண்ணிக் காட்டியவள் நான். என்னைப் பற்றி நானே ஒரு பொய்யை வைத்திருந்தேன்.

"எழுதணுமா அத?" என்று கேட்டேன்.

"எழுதலன்னா, நான் எதை மீறிப் போனேன்னு படிக்கிறவங்களுக்கு எப்படிம்மா தெரியும்? ஆனா நீ வேணாம்னா எழுதல."

அடுப்பில் பருப்பு பொங்கியது. எழுந்து போய் அடுப்பைக் குறைத்தேன். திரும்பி வந்து, "எழுது" என்றேன்.

அவள் எழுதியது இப்படி: 'மருந்து பாட்டில் மூடிகளைச் சோதிப்பது என் அம்மாவின் வேலை. தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் விடமாட்டார். அன்று என்னிடம் மட்டும், விடு என்றார். அவர் மூடிகளை எப்படிப் பார்ப்பாரோ, அப்படி என் தவற்றை நான் பார்த்தேன். அதனால் அவர் பேச்சைக் கேட்காமல் கிளம்பினேன்.'

படித்துவிட்டு நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றச் சொல்லவில்லை. டியூஷன் சார் மட்டும், "இதுல உருக்கமே இல்லையே" என்றாராம். அவள் அதையேதான் அனுப்பினாள்.

ஒரு மாதம் கழித்து வீடியோ காலில் இண்டர்வியூ. முன்னறையில் அவள். சமையலறையில் மூச்சுவிடாமல் நான். மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். நடுவில் ஒரு பெண் குரல், "உங்கள் அம்மாவைக் குறை சொல்லும் வரி இருக்கிறதே, அவர் இதைப் படித்தாரா?" என்று இங்கிலீஷில் கேட்டது. என் மகள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "படித்தார். சோதித்துப் பார்த்து அனுப்பியதே அவர்தான்" என்றாள். அந்தப் பக்கம் மூவரும் சத்தமாகச் சிரித்தது எனக்குக் கேட்டது.

முடிவு வந்த அன்று நான் வேலையில் இருந்தேன். எங்கள் கம்பெனியில் ஃபோனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் வாட்ச்மேன் ஓடி வந்து, "மேடம், கேட்ல உங்க பொண்ணு" என்றார். அதுவரை அவள் என் கம்பெனிப் பக்கமே வந்ததில்லை. அவள் அப்பாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று, தலையில் போட்ட வலைத்தொப்பியோடு அப்படியே ஓடினேன்.

கேட்டுக்கு வெளியே வெயிலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முத்தியால்பேட்டையிலிருந்து மிதித்தே வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் சைக்கிளைக் கீழே போட்டாள்.

"கெடச்சிடுச்சும்மா! முழு ஸ்காலர்ஷிப்! கெடச்சிடுச்சு!"

கேட் கம்பிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று இருவரும் கத்தினோம். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட மறந்துபோய் அவரும் கத்தினார். சாப்பாட்டு மணி அடித்து என் பிரிவுப் பெண்கள் அத்தனை பேரும் வெளியே வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் ஒரே கைதட்டல். அவளை உள்ளே இழுத்துப் போய், ஆளுக்கொரு வாய் ஊட்டினார்கள். சாப்பிட்டு முடித்ததும் அவள், "நீ உக்கார்ற எடத்தைக் காட்டும்மா" என்றாள். மேனேஜரிடம் அனுமதி கேட்டு, கண்ணாடித் தடுப்புக்கு வெளியே அவளை நிறுத்திக் காட்டினேன். விளக்குக்குக் கீழே என் மேசை, பூதக்கண்ணாடி, நகர்ந்து வரும் வெள்ளை மூடிகள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் அங்கே மூன்றாம் வருடம். வேதியியல் படிக்கிறாள். லீவுக்கு வரும்போது தெருப் பிள்ளைகள் தங்கள் விண்ணப்பக் கட்டுரையை அவளிடம் காட்டக் கொண்டுவருகிறார்கள்.

அவள் என்னைப் பற்றி இரண்டு முறை எழுதினாள். முதலில் எழுதியதில் எல்லோரும் இரக்கப்படும்படி இருந்தேன், அதைப் படித்துத் தலைகுனிந்தேன். இரண்டாவதில் என் தப்பு அப்படியே இருக்கிறது, ஆனால் அதை யார் கையில் கொடுத்தாலும் இன்றைக்கும் என்னால் நிமிர்ந்து நிற்க முடிகிறது.