கூடைக்கு ஒரு கையெழுத்து

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஆறு பேரை வளர்த்தேன். நான் பெற்றது நாலு. இரண்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனால் என் கையெழுத்தை நானே போடுவேன். எந்தத் தாளிலும் ரேகை வைத்ததில்லை. அந்தக் கையெழுத்துக்காக ஒருமுறை என்னை அலைக்கழித்தார்கள்.

எண்பதுகளில் தென்காசியில் எங்கள் தெருவில் வயர் கூடை பின்னாத வீடு கிடையாது. மாதர் சங்கத்தில் கூடைப் பின்னலுக்கு ஒரு புத்தகம் போட நினைத்தார்கள். ஆளுக்கொரு பின்னல் மாதிரி கொடுக்க வேண்டும். யாரும் அதைப் பார்த்துப் பின்னலாம், மாற்றலாம், விற்கலாம். ஒருவரையும் கேட்க வேண்டாம். குற்றாலத்தில் சாரல் தொடங்கிக் கூட்டம் வருவதற்குள் அச்சாகிவிட வேண்டும். என் கூடையின் பக்கவாட்டில் கண் கண்ணாக ஒரு வரிசை ஓடும். அது அந்தப் புத்தகத்தில் வர வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை.

சங்கத்துச் செயலாளர் ஒரு டீச்சர். தாள் ஒன்றை நீட்டினாள். வாசிக்கச் சொன்னேன். ‘இந்த மாதிரி முழுக்க என் சொந்தக் கற்பனை, இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு’ என்று இருந்தது.

“முழுக்க இல்லையே டீச்சர். அடிப்பின்னலும் முடிச்சும் சுரண்டை மதினி சொல்லித் தந்தது. கண் வரிசைதான் என்னுது.”

“யாரு வந்து கேக்கப் போறாக்கா? சும்மா போடுங்க.”

“கேக்கலைன்னா பொய் சொல்லிரலாமா?”

“அப்போ அவங்க சம்மதத்தை எழுதி வாங்கிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை அச்சாபீசுக்குப் போகுது.”

மறுநாளே சுரண்டை பஸ்ஸைப் பிடித்தேன். மதினி என் பெரிய அண்ணன் பெண்டாட்டி. தாளைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“கையெழுத்தா? எங்க அய்யா இப்படித்தான் ஒரு தாள்ல போட்டாரு, வயலு போச்சு. அங்கன வை அதை.”

“உன் வயலை யாரு கேட்டா மதினி? கூடையை ஊருக்குக் குடுக்கலாம்னு சொல்லணும், அம்புட்டுதான்.”

“அதை நான் எப்பிடிட்டி சொல்லுவேன்? ஐந்தருவில எவளோ குளிச்சுட்டு, அறுந்த கூடையைப் போட்டுட்டுப் போனா. அதைப் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்துல்லா நான் படிச்சேன். போயி அவகிட்ட கேளு.”

“இதை ஏன் முன்னமே சொல்லல?”

“நீ கேட்டியாட்டி?”

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அருவிக்கு வந்துபோன அத்தனை பேரில் அவளை எங்கே தேடுவது? மதினியோ, நடந்ததை நடந்தபடி எழுதினால்தான் கையை நீட்டுவேன் என்றாள். நானே எழுத உட்கார்ந்தேன். நாலு வரிக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அண்ணன் கடை மையில் தொட்டு மதினி ரேகை வைத்தாள்.

டீச்சர் வாசித்துவிட்டுத் தாளைக் கீழே போட்டாள். “பேர் தெரியாதவளை எல்லாம் எப்படிக்கா அச்சுல போட?”

“பேர் தெரியாதுன்னே போடுங்க.”

“ஒரு கூடைக்கு இந்தப் பாடா! அன்னைக்கே கையெழுத்துப் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்.”

“நீங்க அன்னைக்கே நெசத்தை எழுதியிருந்தாலும் முடிஞ்சிருக்கும்.”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ‘முழுக்க என் சொந்தக் கற்பனை’ என்பதை அடித்தாள். அடிப்பின்னலும் முடிச்சும் ஐந்தருவியில் கிடைத்த கூடையைப் பிரித்து மதினி கற்றது; கண் வரிசை நான் சேர்த்தது; அவரவர் செய்ததை அவரவர் பேரில் சொல்ல வேண்டும் என்று எழுதினாள். ரெண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

புத்தகத்தில் கடைசிப் பக்கம் என் கூடை வந்தது, கீழே அந்த விவரத்தோடு. இத்தனை வருஷத்தில் எவளாவது என் கண் வரிசையையும் மாற்றிப் பின்னியிருப்பாள். பின்னட்டும், அதற்குத்தானே கொடுத்தேன். ஆனால் சும்மா கொடுக்கிற பொருளோடு ஒரு பொய்யையும் சேர்த்துக் கொடு என்றார்களே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதியவள் என் பேத்தி.

“ஏட்டி, மொதல்ல இருந்து வாசி. நீயா எதையும் சேத்திருக்கியான்னு பாக்கணும்.”