அப்பா தள்ளி நின்ற வயல்

கல்யாணப் படத்தில் என் அப்பாவுக்குக் கண் மூடியிருக்கும். பக்கத்தில் அம்மா விழித்துக்கொண்டு நிற்க, அவர் மட்டும் மாலையும் கழுத்துமாகத் தூங்குவது போல இருப்பார். அதைச் சொல்லியே அம்மா பத்து வருஷமாக அவரைக் கேலி செய்துகொண்டிருந்தாள். அதனால், பம்பாயிலிருந்து ஒரு பெண் பெரிய கேமராவோடு எங்கள் ஊர் வயல்களைப் படம் எடுக்க வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் அப்பா முதலில் சொன்னது, "இந்தத் தடவ கண்ணச் சிமிட்ட மாட்டேன்" என்பதுதான்.

படம் எங்களுக்கு விளையாட்டு இல்லை. குத்தகைக்கு உழுகிறவர்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டிருந்த சமயம் அது. பெயர் ஏறிவிட்டால் வயலை விட்டு யாரும் எழுப்ப முடியாது என்று பேசிக்கொண்டார்கள். மாயவரத்தில் இருந்த மிராசுதாரோ, அது தன் சொந்தப் பண்ணை, அங்கே குத்தகைக்காரன் என்று எவனும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். அப்பாவிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. நெல்லை அளந்துவிட்டு ரசீது கேட்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. கேட்டால் மிராசுதாரை அவமானப்படுத்தியதாக ஆகிவிடும். சாட்சி சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் திடீரென்று வெளியூரில் வேலை வந்துவிட்டது. வயலில் அப்பா நிற்கிற மாதிரி ஒரு படம் இருந்தால் போதும், விசாரணைக்கு வருகிற அதிகாரி வாயடைத்துப் போவார் என்று வீட்டில் முடிவானது.

"மாட்டையும் பக்கத்துல நிறுத்திக்குங்க. உழுற ஆளுன்னு தெரியும்ல" என்றாள் அம்மா.

"அது கண்ணச் சிமிட்டும்" என்று அப்பா மறுத்துவிட்டார்.

ஊர் அந்தப் பெண்ணுக்குப் படக்காரம்மா என்று பெயர் வைத்தது. பேன்ட் போட்டிருந்தார். வாய்க்கால் கரையில் மூன்று கால் நட்டு அதன்மேல் கேமராவை வைத்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு அரைமணி நேரம் அசையாமல் நின்றார். இத்தனை தூரம் ரயிலேறி வந்து, கோயிலையும் தேரையும் விட்டுவிட்டு, நாற்று நடாத வெறும் வயலில் என்னத்தைப் பார்க்கிறார் என்று ஊரே குழம்பியது. மிராசுதார் அனுப்பிய உளவு என்றுகூட ஒருவர் சொன்னார். பரம்படித்துத் தண்ணீர் கட்டியிருந்த எங்கள் வயலில் வானம் முழுசாகக் கிடந்தது. அதற்காகத்தான் அவர் வந்திருக்கிறார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்பா வயலின் நட்டநடுவில் நின்றார். கல்யாணத்துக்குப் போகிற வெள்ளை வேட்டி, சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. முழங்கால் வரை சேறு. கைகளைத் தொடையோடு ஒட்டி, கண்ணை அகல விழித்துக்கொண்டு நின்றார்.

துணிக்குள்ளிருந்து வெளியே வந்த படக்காரம்மா, கரையில் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவைக் கைகாட்டி, தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில் உரக்கச் சொன்னார்: "ஆள் வேண்டாம். தண்ணி, வானம், போதும். ஆள் வேண்டாம்."

எனக்கு எட்டு வயது. அவர் சொன்னது நன்றாகவே புரிந்தது. விடிவதற்குள் குளித்து, வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்டுக் கட்டிக்கொண்டு வந்திருக்கிற மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் புரியவில்லை. ஸ்டூடியோவில் தள்ளி நில்லு, தலையைத் தூக்கு என்றெல்லாம் சொல்வார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். அந்த ஞாபகத்தில் வாயில் ஒரு பொய் வந்துவிட்டது.

"அப்பா, நல்லா விழணும்னா கொஞ்சம் தள்ளி நிக்கணுமாம்!"

தள்ளி நின்றார். படக்காரம்மா போதாது என்று கையசைத்தார்.

"இன்னுங் கொஞ்சம் போங்கப்பா!"

அப்பா வரப்பேறி, அடுத்தவர் வயலில் இறங்கி, அதையும் தாண்டிப் பூவரச மரத்தடிக்குப் போய்விட்டார். "போதுமா பாப்பா?" என்று அங்கிருந்து கேட்டார். அப்போதும் கைகள் தொடையோடுதான் ஒட்டியிருந்தன. கேமரா ஒரு தரம் சொடுக்கியது. எனக்கு அழுகை வந்தது.

ஒரு படம் அனுப்பி வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போன படக்காரம்மா வாக்குத் தவறவில்லை. மூன்றே வாரத்தில் தபாலில் படம் வந்தது. அதற்குள் தன்னிடம் படம் இருப்பதாக அப்பா ஊரெல்லாம் சொல்லியிருந்தார். பிரித்துப் பார்த்தால் வயல் இருந்தது, மேகம் இருந்தது, அப்பா இல்லை. அம்மா படத்தைத் திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்த்தாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா என்னை ஒரு தரம் பார்த்தார்.

"கண்ணச் சிமிட்டிட்டேன் போலருக்கு. அதான் விழல" என்றார் அம்மாவிடம்.

ஊர்ச் சாவடியில் நடந்த விசாரணைக்கு நானும் கூடப் போனேன். "படம் இருக்குன்னு சொன்னியே, எடேன்" என்றார் மிராசுதாரின் காரியஸ்தர். அதிகாரி வாங்கிப் பார்த்தார்.

"படம் நல்லாத்தான் இருக்கு. நீ எங்கய்யா?"

"கண்ணச் சிமிட்டிட்டேங்க."

சாவடியே சிரித்தது. பெயர் ஏறவில்லை. அடுத்த சம்பாவுக்கு எங்கள் வயலில் வேறு ஏர் இறங்கியது.

கண்ணைச் சிமிட்டினால் படத்திலிருந்து ஆளே மறைந்துவிடும் என்று நான் நம்பினேன். அப்படி நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது. பள்ளிக்கூடத்து குரூப் படத்தில் கண்ணீர் வழிய விழித்துக்கொண்டு நிற்பது நான்தான்.

அப்பா காலமாகிப் பல வருஷம் கழித்து, நடவு சமயத்தில் அதே வாய்க்கால் கரையில் நிற்க நேர்ந்தது. பூவரச மரத்தடியில் இரண்டு பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தது, தண்ணீரைத் தாண்டி ஒரு சொல் விடாமல் என் காதில் விழுந்தது. தண்ணீர் கட்டிய வயலில் பேச்சு எவ்வளவு தூரம் கேட்கும் என்று எட்டு வயதில் எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.