வாடகைக்கு இல்லாத சைக்கிள்

முதலில் முன் சக்கரம். கட்டைவிரலால் ஓர் அழுத்து. அடுத்துப் பின் சக்கரம். பிறகு இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்த்து, சீட்டைத் திருகிப் பார்த்து, கடைசியாகச் சுற்றிலும் நிற்பவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்த பிறகுதான் தேவகுமாரி சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து இறக்குவார். ஒரு வீட்டுக்குள் போய்த் தகரப் பேணியால் இரண்டு அளவு மாவு ஊற்றிக் கொடுத்துவிட்டு வர எவ்வளவு நேரமாகிவிடும்? அதற்குள் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. பெரும்பாலும் வைத்துத்தான் இருக்கிறார்கள்.

கொடைக்கானல் ஏரியைச் சுற்றியிருக்கும் வீடுகளுக்கும் லாட்ஜ்களுக்கும் காலையில் இட்லி மாவு கொண்டுபோய்க் கொடுப்பது அவருடைய தொழில். ஏரிக்கு மேலே சரிவில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் இருக்கும் காலனியில் வீடு. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சேலைக்கு மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர், காதை மூடிய மப்ளர். சரிவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கி, ஏரிச் சாலையின் சமதளம் வந்ததும் ஏறி மிதிப்பார். மலைக் குளிரில் மாவு லேசில் பொங்காது. அதனால் வாளிக்கும் ஒரு பழைய ஸ்வெட்டரை மாட்டித்தான் கைப்பிடியில் தொங்கவிடுவார். வீடுகளுக்கான வாளிக்கு நீலம். லாட்ஜுக்குப் போகிற வாளிக்குச் சிவப்பு.

சங்கடம் என்னவென்றால், ஏரிக்கரையில் நிற்கிற சைக்கிள் எதுவாக இருந்தாலும் அது வாடகை சைக்கிள்தான் என்று வெளியூர்க்காரர்களுக்கு ஒரு தீர்மானம். தேவகுமாரியின் சைக்கிளும் ஒருகாலத்தில் வாடகைக்கு ஓடியதுதான். ஏரிச் சாலையில் வாடகை ஸ்டாண்டு வைத்திருக்கும் சண்முகராஜ் பழைய வண்டிகளைக் கழித்துக்கட்டியபோது வாங்கியது. பச்சைப் பெயின்ட் அடித்தும் மட்கார்டில் பழைய நம்பர் புடைத்துக்கொண்டு தெரிகிறது.

"நாலு பேரு கை படலேன்னா அதுக்குத் தூக்கம் வராதுக்கா. பழகுன ஒடம்பு" என்பார் சண்முகராஜ்.

"வாக்கப்பட்டு வந்தப்பறம் பொறந்த வீட்டுப் பழக்கத்தப் பேசக் கூடாது. ஒன் சோலியப் பாரு" என்பார் இவர்.

கை வைப்பவர்களில் பல ரகம் உண்டு. சாய்ந்து நின்று போட்டோ எடுப்பவர்கள். குழந்தையின் விரலைப் பிடித்து மணி அடிக்க வைப்பவர்கள். "ஒரு நிமிசம்" என்று கேரியரில் பையை வைத்துவிட்டுச் சோளம் வாங்கப் போய்விடுபவர்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல டயரை அமுக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்குபவர்கள். இவர்களையெல்லாம் திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். தேவகுமாரிக்கு ஆகவே ஆகாதவர்கள் உபகாரிகள். கார் போக வழி வேண்டும் என்று வண்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, "நான்தாங்க நகத்தி வச்சேன்" என்று பல்லைக் காட்டுகிறவர்கள்.

"நகத்தி வச்சா போக வேண்டியதுதானே? எதுக்கு நின்னு சொல்றான்? வேற என்னமோ பண்ணியிருக்கான். அதான் நிக்கிறான்."

அப்படி நின்று சொன்ன ஒருவன் போன பிறகு பின் சக்கரத்து வால்டியூப் மூடி காணாமல் போயிருந்தது. அது அவன் எடுத்ததா, முந்தின நாளே விழுந்ததா என்று சண்முகராஜ் கேட்டார். அன்றிலிருந்து சண்முகராஜ்மீதும் ஒரு கண்.

சைக்கிளில் பூட்டு இருந்தது. மழையில் துருப்பிடித்து இறுகிவிட்டது. புதிது போடச் சொன்னால், "பூட்டு களவுக்குத்தான். கை வக்கிறதுக்கு என்ன பூட்டு விக்கிது கடையில?" என்று கேட்பார். பூட்டின் வேலையை அவர் கண்கள் செய்கின்றன. எந்த வீட்டுக்குள் போனாலும் உடம்பு உள்ளே, பார்வை வாசலில். "என் மொகத்தப் பாத்துப் பேசு தேவகுமாரி, ரோட்டப் பாத்துப் பேசாத" என்று வாடிக்கைக்காரப் பெண்கள் குறைபட்டுக்கொள்வது உண்டு.

காலனியில் இதற்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளையாகக் கப்பலில் வந்து இறங்கியபோது, மண்டபம் முகாமில் எவனோ ஒருவன் "நான் புடிச்சுக்கிறேன் பாப்பா" என்று மூட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டானாம். அதில் விழுந்த பயமாம். தேவகுமாரியிடம் கேட்டால் சிரிப்பார். "எங்க மூட்டைய ஒருத்தனும் தூக்கல. தூக்கிட்டுப் போற மாதிரி அதுல என்னா இருந்துச்சு?"

அவர் அரைக்கிற மாவில் பாதி ஒரே இடத்துக்குப் போகிறது. ஏரிச் சாலைத் திருப்பத்தில் உள்ள லாட்ஜுக்கு. அங்கே சமையல் திருமலைச்சாமி கையில். மழையால் இரண்டு நாள் காலையில் நேரம் பிந்திப் போனபோது அவர் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டார்: "இன்னொரு நாள் லேட்டானா பாக்கெட் மாவுக்கு மாத்திருவேங்கிறாரு மானேஜர். நான் சொல்லலக்கா, அவரு சொல்றாரு." அந்த வாளி நின்றுபோனால் கிரைண்டரை ஓட்டுவதிலேயே அர்த்தமில்லை என்பது தேவகுமாரிக்குத் தெரியும். அதிலிருந்து இன்னும் வெள்ளனே கிளம்புகிறார்.

இதெல்லாம் சொன்னது, மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்ததைச் சொல்வதற்காக.

அன்று சண்முகராஜின் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் கந்தம்மாள் வீட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தார். கந்தம்மாள், "நேத்து மாவு மிச்சம் கெடக்கு. புளிச்சிருச்சான்னு மோந்து பாத்துட்டுப் போ" என்று சமையலறைக்குள் கூப்பிட்டார். சமையலறையிலிருந்து வாசல் தெரியாது. மோந்து பார்த்து, "நாளைக்கு ஊத்தப்பம் ஊத்திக்க" என்று சொல்லிவிட்டு நீல வாளியோடு வெளியே வந்தபோது சைக்கிள் இருந்த இடத்தில் சைக்கிள் இல்லை. அதில் தொங்கிய சிவப்பு ஸ்வெட்டர் வாளியும் இல்லை.

சாலையின் அந்தப் பக்கம் சண்முகராஜைச் சுற்றிக் கூட்டம். வண்டிகள் எல்லாம் வாடகைக்குப் போய்விட்டன. தாராபுரம் வேன்காரர்களிடம் காத்திருக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என் வண்டி எங்க?"

"ஒரு மொட்டை எடுத்துட்டுப் போனாப்லக்கா. ஒங்க வீட்டு ஆளுன்னு நெனச்சேன்."

"எந்த மொட்டை?"

"மொட்டைல எந்த மொட்டைன்னா என்னத்தச் சொல்ல?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பழனியில் முடியிறக்கிவிட்டு நேரே மலையேறுகிறவர்கள் விடுமுறை நாளில் வேன் வேனாக வருவார்கள். ஏரிக்கரை முழுக்கச் சந்தனம் பூசிய தலைகள்.

"நீ காசு வாங்கிட்டு விட்டியா?" தேவகுமாரியின் பார்வை அவர் சட்டைப் பையில் இருந்தது.

"ஐயோ அக்கா! ஏரி வட்டந்தானே, போனவன் சுத்தி இங்கதான் வரணும். கொஞ்சம் நில்லுங்க."

நிற்கலாம். ஆனால் திருமலைச்சாமியின் இட்லிச் சட்டி நிற்குமா? அவன் பாதி வழியில் மேட்டுத் தெருவுக்குத் திரும்பிவிட்டால்? வாளியைத் தூக்கிக் குப்பையில் வைத்துவிட்டால்? பின்னால் துரத்தினால் எட்ட முடியாது. எதிர்ப்பக்கமாகப் போனால் எங்கேயாவது முகத்துக்கு முகம் வந்தே தீர வேண்டும். ஸ்டாண்டுக்குப் பின்னால் சண்முகராஜின் சொந்த சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. நீல வாளியை அங்கேயே தரையில் வைத்தார். சேலையைத் தூக்கிச் செருகினார். ஏறி மிதித்துவிட்டார்.

"யக்கா! அது என் வண்டிக்கா! கேக்காம எடுக்குறீங்க!" என்ற சத்தம் கொஞ்ச தூரம் கூடவே வந்தது.

எதிரே வந்த முதல் மொட்டையை மறித்தார். தலையைப் பார்க்கவில்லை, கீழே வண்டியைப் பார்த்தார். சிவப்பு வண்டி. "என்னங்மா?" என்றது மொட்டை. "ஒன்னுமில்ல, போ." அடுத்து இரட்டை சைக்கிளில் இரண்டு மொட்டைகள். அதற்கடுத்தது குதிரைமேல் இருந்தது. அதையும் ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் விட்டார்.

படகுத் துறையைத் தாண்டி ஒரு மரத்தடியில் பச்சை சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நின்றது. பக்கத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறவன் மாதிரி நின்றான். பெயர் செல்வமுருகன் என்று பிறகு தெரிந்தது.

"ஏலே, யாரு வண்டி இது?"

"ஏனுங், உங்குளுதுங்களா? வாடகை வண்டின்னு எடுத்துட்டனுங். மேடு பள்ளத்துல ஏறுச்சு, வாளி தளும்புச்சு. அப்பத்தான் நெஜ மாவுன்னே தெரிஞ்சுதுங்க. பயந்துட்டு எறங்கிட்டனுங்."

"மாவு இல்லாம வாளில என்னா இருக்கும்?"

"ஸ்வெட்டர் போட்டிருந்துச்சுங்களா, போட்டோ எடுக்கறதுக்கு அலங்காரமா வெச்சிருக்காங்கன்னு நெனச்சனுங். வாளிய நான் தொடவே இல்லீங்."

"வண்டியத் தொட்டாராம். வாளியத் தொடலையாம்." தேவகுமாரி மூடியைத் திறந்து பார்த்தார், மோந்து பார்த்தார். மாவு பொங்கிக்கொண்டு நலமாக இருந்தது. சக்கரங்கள், பிரேக், சீட்டு. எல்லாம் சரியாகத்தான் இருந்தன. சரியாக இருந்ததே அவருக்கு உறுத்தியது. இன்னொரு தடவை பார்த்தார்.

"ஒரு ரவுண்டுக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க, குடுத்தர்றனுங்."

"வாடகை பேசுன, ஏரிக்குள்ள தள்ளிருவேன்."

திட்டி முடித்துக் கிளம்பப் போனபோதுதான் கணக்கு இடித்தது. வண்டி இரண்டு. ஆள் ஒருத்தி. இரண்டையும் தள்ளிக்கொண்டு போனால் லாட்ஜில் மத்தியானச் சாப்பாடே முடிந்துவிடும். ஒன்றை இங்கே விட்டுப் போவது என்பது மொட்டைகளுக்கு நடுவே விட்டுப் போவது. ஆக, ஒன்றை இவன்தான் ஓட்டிவர வேண்டும். எதை? சண்முகராஜின் வண்டியை இவனிடம் கொடுத்துவிட்டுத் தன் வண்டியில் தான் ஏறிக்கொள்வதுதான் மனசுக்குப் பிடித்திருந்தது. அதன் கைப்பிடியை அவன் பக்கம் அரைவாசி திருப்பியும் விட்டார். பிறகு இழுத்துக்கொண்டார்.

"அடுத்தவன் வண்டி. நானே கேக்காமத்தான் எடுத்தேன். அதத் தூக்கி ஒனக்கு எப்பிடிக் குடுக்கிறது?" யாரிடமோ சண்டை போடுவதுபோலச் சொன்னார். சிவப்பு வாளியைக் கழற்றிச் சண்முகராஜ் வண்டியில் மாட்டினார். "நீ என்னோடதுல ஏறு. முன்னால போ. நான் பின்னால வாறேன்."

"செரிங்."

"நில்லு. ஒன் போனக் குடு."

"போனுங்களா?"

"என் வண்டி ஒங்கிட்ட. ஒன் போனு எங்கிட்ட."

அவன் கொஞ்சம் யோசித்தான். அவனுக்கும் சந்தேகம் என்று ஒன்று இருக்குமல்லவா? இருந்தாலும் கொடுத்தான். அதை ஸ்வெட்டர் பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டினார்.

போகிற வழியெல்லாம் பின்னாலிருந்து உத்தரவு வந்துகொண்டே இருந்தது. "பெடல ஒதைக்காத, மிதி." "மணி அடிக்காத, குதிரை மெரளும்." "ஏலே, வெரசா போ." "அம்புட்டு வெரசா போகாத!"

லாட்ஜின் பின்வாசலில் திருமலைச்சாமி ஒரு கையில் பாக்கெட் மாவும் ஒரு கையில் கத்தரிக்கோலுமாக நின்றார். பாக்கெட்டின் ஓரத்தில் இன்னும் வெட்டு விழவில்லை. வாளியைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே இறக்கினார்.

"இன்னும் ஒரு மூச்சு விட்டிருந்தா வெட்டியிருப்பேன்க்கா. இது என்ன, மாவுக்கு மொட்டை பாடிகார்டு?"

"கேலியப் பெறகு பேசலாம். ஊத்திக்கிட்டு வாளியக் குடு."

"நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்தா ஆகாதுக்கா."

"நாளைக்கு நீ எந்திரிக்கிறதுக்கு முந்தி வாசல்ல நிப்பேன்."

பாக்கெட் அலமாரிக்குள் திரும்பிப் போவதைக் கண்ணால் பார்த்த பிறகே தேவகுமாரி வெளியே வந்தார். காலி வாளியை மாட்டிக்கொண்டு, அவன் முன்னும் இவர் பின்னுமாக ஸ்டாண்டை நோக்கித் திரும்பினார்கள். சண்முகராஜுக்கு என்ன சொல்வது என்று யோசித்தபடியே மிதித்தார். ஏரியிலிருந்து மஞ்சு ஏறிச் சாலையை மூடத் தொடங்கியிருந்தது.

அப்போது ஸ்வெட்டர் பைக்குள் போன் அதிர்ந்தது. கூடவே சத்தமும்.

தேவகுமாரி பிரேக்கைப் பிடித்து ஒரு காலைத் தரையில் ஊன்றினார். பொத்தானைக் கழற்றிப் போனை இரண்டு விரலால் எடுத்தார். கூப்பிடுவது யார் என்று தன் கண்ணில் படாதபடி கண்ணாடிப் பக்கத்தை வெளியே திருப்பிக்கொண்டார்.

"தம்பீ! ஒங்க போனு அடிக்குது. எடுக்கட்டுங்களா?"

அவன் காதில் விழவில்லை. போய்க்கொண்டே இருந்தான். வண்டியும் அவனோடு மஞ்சுக்குள் போய்க்கொண்டே இருந்தது. தேவகுமாரி இன்னொரு தடவை கூப்பிட்டார். போன் விடாமல் அடித்தது. அவன் திரும்பிப் பார்க்கும்வரை, சூடான பாத்திரத்தைப் பிடித்திருப்பவர் மாதிரி, அதை உடம்பிலிருந்து தள்ளிக் கை எட்டுமட்டும் நீட்டிப் பிடித்தபடியே நின்றார்.