'ம்' கொட்டிய பெண்

எனக்கு எதிரில் ஆள் இருந்து 'ம்' கொட்டினால்தான் பேச்சு வரும். அந்தப் பெண் நன்றாக 'ம்' கொட்டினாள். அதில்தான் ஏமாந்தேன்.

எங்கள் வீடு மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். மாடியில் நானும் என் வீட்டுக்காரரும். கீழே என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அந்த அண்ணன், என் மூத்தார், போய்ப் பல வருஷம் ஆகிறது. ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்தப் பெண் அடையாறிலிருந்து எங்கள் வெள்ளிக்கிழமை பஜனைக்கு வருகிறவள். கோயிலுக்கு வரும் பெண்களின் அனுபவங்களைப் போனில் போடுகிறேன், ஆன்ட்டி, உங்கள் வேண்டுதலைச் சொல்லுங்கள் என்றாள். அம்பாள் செய்ததை நாலு பேர் கேட்டால் நல்லதுதானே என்று சம்மதித்தேன்.

நான் சொன்னது இதுதான். என் வீட்டுக்காரருக்கு இருதயத்தில் ஆபரேஷன் என்றபோது பதினோரு வெள்ளிக்கிழமை அம்பாளுக்கு விளக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டேன். பத்து முடிந்தது. பதினோராவது வெள்ளி காலையில், அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார், கீழே அக்கா வீட்டுப் போன் அடித்தது. திருவல்லிக்கேணியில் எங்கள் சின்ன மாமனார், அதாவது மாமனாரின் தம்பி, ராத்திரியே இறந்துவிட்டார், காலையிலேயே எடுக்கிறார்கள் என்று தகவல். பங்காளித் தீட்டு. காதில் விழுந்த நிமிஷத்திலிருந்து கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. விழாதவரை தீட்டு இல்லை. அக்கா போனை வைத்துவிட்டு, மாடி ஏறி வந்து, "சீக்கிரம் குளிச்சிட்டுக் கோயிலுக்குப் போ, எண்ணெய் நான் எடுத்து வெச்சிருக்கேன்" என்றார். யார் போனில் என்று கேட்டேன். "ராங் நம்பர்" என்றார்.

நான் விளக்குப் போட்டுத் திரும்பி வந்த பிறகுதான் வாசலில் நிறுத்திச் சொன்னார். அதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து ஒருவர்கூடப் போகவில்லை. போன் லைன் சரியில்லை, ஒன்றும் காதில் விழவில்லை என்று அக்கா அவர்களிடம் சாதித்துவிட்டார். இத்தனை வருஷமும் அது எங்கள் இரண்டு பேரோடுதான் இருந்தது.

இதைச் சொல்லும்போது, "அக்கா பொய் சொன்னாங்க" என்றதும் அழுகை வந்துவிட்டது. ரொம்ப நேரம் அழுதேன். அப்புறம், "என் தாலிக்காகச் சொன்னாங்க. அந்தப் பாவத்தை அவங்க வாங்கிக்கிட்டாங்க" என்றேன். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது மட்டும் நமக்குள்ள இருக்கட்டும்மா" என்றேன். அவள், "ம்" என்றாள்.

முதலில் படங்களாக வந்தது. விரலால் தள்ளத் தள்ள ஒவ்வொன்றாக வரும் ஸ்லைடு. கோபுரம், விளக்கு, பழைய டெலிபோன் ஒன்று. எங்கள் போன் கறுப்பு, அவள் போட்டது சிவப்பு. ஒவ்வொரு படத்திலும் ஒரு வரி. 'அன்று ஒரு செய்தி மறைக்கப்பட்டது' என்று ஒன்றில் இருந்தது. அதை இரண்டு மூன்று தடவை படித்தேன். ஆனால் யார், எவர் என்று இல்லை. பார்க்கிறவர்கள் ஒரு படத்தில் நிற்பதற்குள் அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். பஜனையில் எல்லோரும் கோபுரம் அழகாக விழுந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள். அக்காவும் ஈரக்கையால் தள்ளிப் பார்த்துவிட்டு, "இந்த போன் யாரு வீட்டுது" என்று சிரித்தார்.

அடுத்த வாரம் பாட்காஸ்ட் வந்தது. அதில் படம் இல்லை, என் குரல் மட்டும். படத்தைவிடக் குரல்தான் கதைக்கு நல்லது என்று நானே நினைத்திருந்தேன். சமைத்துக்கொண்டே கேட்கலாம், கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். குரலில் ஆளே இருக்கிறது. அதுதான் வினையாகிவிட்டது. "அக்கா பொய் சொன்னாங்க" என்கிறேன். உடனே வீணை வாசிக்கிறது. வீணை ஓய்ந்ததும் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்கிறேன். நான் அழுதது இல்லை. தாலிக்காக என்றது இல்லை. நமக்குள் இருக்கட்டும் என்றதும் இல்லை. அவள் கொட்டிய ஒரு 'ம்'கூட இல்லை. யாரும் கேட்காமலே நானாக ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரி இருந்தது.

அவளுக்குப் போன் போட்டேன்.

"அழுகையில வார்த்தை எதுவும் தெளிவா இல்ல ஆன்ட்டி. அதான் எடிட் பண்ணிட்டேன்."

"நமக்குள்ள இருக்கட்டும்னு சொன்னேனேம்மா. நீ ம்னு சொன்னியே."

"ஐயோ ஆன்ட்டி, நான் கேட்டுக்கிட்டிருக்கேன்னு சொல்றதுக்குத்தான் ம் சொன்னேன்."

எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் 'ம்' என்றால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அதை வைத்துத்தான் பெண் கொடுத்திருக்கிறோம், பெண் எடுத்திருக்கிறோம். அம்பாள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அவள் சொன்னது. நான் போன் போட்ட பிறகு அவள் அந்தப் பாட்காஸ்டை எடுத்துவிட்டாள், உண்மைதான். ஆனால் அதற்குள் சின்ன மாமனாரின் மகன் வீட்டில் கேட்டுவிட்டார்கள்.

அக்காவும் கேட்டுவிட்டார். கோபித்துக்கொள்ளவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "படத்துல வந்தப்போ, அந்தப் பொண்ணு என்னமோ எழுதியிருக்குன்னு விட்டுட்டேன். இது உன் குரலாச்சேம்மா. நீயேதான சொல்ற."

அந்தப் பெண் வெட்டிவிட்டாள் என்றேன். மீதியை அப்படியே சொல்லிக்காட்டினேன். அக்கா கீரைத் தட்டைப் பார்த்தபடியே இருந்தார். 'ம்' சொல்லவில்லை.

போன மாதம் சின்ன மாமனாரின் மகனும் மருமகளும் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார்கள். அக்கா வாசலில் நின்று "வாங்க" என்றார். மருமகள் தலையை மட்டும் அசைத்துவிட்டு மாடி ஏறினாள். எங்களுக்குத் தட்டில் பழம், பூ, பத்திரிகை எல்லாம் வைத்துக் கொடுத்தார்கள். "கீழ அக்காவுக்கு?" என்று கேட்டேன். சின்ன மாமனாரின் மகன் கைப்பையை மூடிக்கொண்டே, "அவங்களுக்குத்தான் நாங்க சொன்னா காதுல விழாதே அண்ணி" என்றார்.

அவர்கள் போன பிறகு பத்திரிகையை எடுத்துக்கொண்டு கீழே போனேன். மூன்று பேருமாகப் போகலாம், இல்லையென்றால் நானும் போகப்போவதில்லை, அங்கே எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததை முழுக்கச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அக்கா பத்திரிகையை வாங்கி, மேலே எழுதியிருந்த எங்கள் பெயரைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க போயிட்டு வாங்க. போகாம இருந்தா அதுக்கும் நான்தான் காரணம்பாங்க. அங்க யாராவது கேட்டா என்னைப் பத்தி எதுவும் சொல்லாத. நல்லதும் சொல்லாத."