போன் எடுக்க நாற்காலி எதற்கு?

கெனோப்பி வாடகைக் கடையில் போன் எடுக்கிறவனை யாரும் நல்லா இருக்கீங்களா என்று கேட்பதில்லை; "எங்க இருக்கீங்க?" என்றுதான் கேட்பார்கள். போன் எடுத்துப் பிழைக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள். கல்யாணம், பிறந்தநாள், சாவு எதுவானாலும் வீட்டு வாசலில் கெனோப்பி என்கிற கூடாரம் போட்டு, நாற்காலி, மேசை, மின்காற்றாடி இறக்கித் தருகிற, மலேசியாவில் கிள்ளான் ஊர்க் கடை ஒன்றில் எனக்கு அந்த வேலை. தமிழ்ப் பள்ளி ஆறாம் வகுப்போடு படிப்பை முடித்தவனுக்கு அதுவே போதும் என்று இருந்தேன். இப்போதும் அதே வேலைதான் பார்க்கிறேன். ஆனால் எனக்கென்று வீடு கிடையாது. நானும் என் மனைவி பரமேஸ்வரியும் பழைய காரில் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கிறோம்.

கழிவறைக்கு எதிரே

கடை மேனேஜர் குணசீலன் எங்கள் முதலாளியம்மாவின் தங்கை கணவர். வந்த அன்றைக்கே வாசல் பக்கம் இருந்த என் நாற்காலியை எடுத்துக் கழிவறைக் கதவுக்கு எதிரே போட்டார். அவருக்கு அது மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை.

ஒரு தடவை லங்காவித் தீவுக்குப் போக லீவு கேட்டேன். கல்யாணமான புதிதிலிருந்து பரமேஸ்வரி கேட்ட ஊர் அது. லோரி ஆட்கள் எல்லாரும் நிற்கும்போது குணசீலன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்க லங்காவி போய்ட்டா போனை யாருண்ணே எடுப்பா? மீனு எடுக்குமா?"

ஒரே ஒரு நிபந்தனை

கோவிட் வந்தது. ஊர் திறந்து விசேஷங்கள் தொடங்கிய பிறகும் கொஞ்ச காலம் என் வீட்டு அடுப்படியிலிருந்தே போன் எடுத்தேன். ஒரு கெனோப்பிகூடத் தவறவில்லை. பிறகு குணசீலன் நாற்காலிக்குத் திரும்பச் சொன்னார். நான் நேராக முதலாளியம்மாவிடம் போனேன். அடுப்படியில் எடுத்த போனை லங்காவியில் எடுத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்டேன்.

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். அதற்கு முன்பே பரமேஸ்வரி சாமான்களை மூட்டை கட்டி மகள் வீட்டு ஸ்டோரில் போட்டுவிட்டாள், வாடகை வீட்டுச் சாவியையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. கடைசியில் சொன்னார்: "சரிண்ணே, போங்க. ஆனா ஒரு வீட்டுல கெனோப்பி வரலன்னு சொன்னாங்கன்னா, அன்னைக்கே நாற்காலிக்கு வந்துடணும்."

குழாய்

லங்காவி பார்த்து முடித்து பங்கோர் தீவில் இருந்தோம். மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தபோது சுபாங் ஜெயாவிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். பேத்திக்குப் பெயர் வைக்கிறார்களாம். வாசலில் கால்வாய் இருக்கிறதா, பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுப்பாரா என்று நான் வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் அலை அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. போனைக் கையால் பொத்தினேன், துண்டைப் போட்டு மூடினேன். அலை கேட்பதாக இல்லை.

அந்த அம்மா பாதியில் நிறுத்தினார். கதை முடிந்தது, கடலைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் சொன்னார்: "அண்ணே, கெனோப்பிய அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல போயி அந்தக் குழாய மூடுங்க லா, தண்ணி பில்லு ஏறிடும்."

அலமாரி

தைப்பிங் ஏரிக்கரையில் மரத்தடியில் இருந்தோம். ஓர் இளைஞன் கூப்பிட்டான். கிள்ளானில் எங்கள் கடைக்குள்ளேயே நிற்கிறானாம், ஆளையே காணோமாம். குணசீலன் சாப்பிடப் போயிருக்கிறார். வேண்டுமென்றே போனார் என்பது என் எண்ணம், நிரூபிக்க முடியாது. அவனுக்கு நாற்காலி உறையின் கலர் பார்க்க வேண்டும்.

"இடது பக்கம் திரும்புங்க தம்பி. பெரிய காத்தாடிக்குப் பின்னால அலமாரி. மேல் தட்டுல தங்கக் கலர், கீழ ஊதா. கால பாத்து வைங்க, அங்க கம்பி கிடக்கும்" என்றேன். அவன் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டான்: "சிசிடிவியில பாக்குறீங்களா பாஸ்? அப்ப நான் மூக்கு நோண்டினதையும் பாத்துட்டீங்களா?"

ஆன்டி

ஈப்போவில் நான் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பரமேஸ்வரி எடுத்தாள். கிள்ளானில் ஒரு பையனின் அப்பா இறந்துவிட்டார். நானாக இருந்தால் எத்தனை நாற்காலி, எத்தனை மேசை என்று தொடங்கியிருப்பேன். இவள் "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டிருக்கிறாள். அவன் அழுதிருக்கிறான். பிறகு அப்பாவோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், கோயிலில் பழக்கமா, கூட்டாளிகள் உண்டா என்று விசாரித்து, நாற்காலிக் கணக்கை இவளே முடிவு செய்து சேகருக்குச் சொல்லிவிட்டாள். சேகர் எங்கள் லோரி டிரைவர். நான் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது லோரி கிளம்பிவிட்டது. நாற்காலி கூடவும் இல்லை, குறையவும் இல்லையாம்.

கருமக்கிரியைக்கு அதே பையன் மறுபடி கூப்பிட்டான். நான்தான் எடுத்தேன். அவன் சொன்னதை இன்னும் மனசில் வைத்திருக்கிறேன்: "கோவிச்சுக்காதீங்க அங்கிள், போனை ஆன்டிகிட்ட குடுங்க."

பிரிக்கக் கூடாத பந்தல்

ராஜு என்பவர் தன் மகளின் இருபத்தொன்றாவது பிறந்தநாளுக்கு கெனோப்பி கேட்டார். லொக்கேஷன் அனுப்புங்கள் என்றேன். அனுப்பினார். நான் அதை அப்படியே சேகருக்குத் தள்ளிவிட்டேன். ராஜுவின் வீடு செமினியில். ஆனால் லொக்கேஷன் அனுப்பிய நேரத்தில் அவர் பிரிக்பீல்ட்ஸில் தன் அக்கா லெட்சுமி வீட்டில், பிறந்தநாளுக்கு அழைத்துவிட்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அந்தப் பொத்தானை அமுக்கினால் நாம் இருக்கிற இடம்தான் போகும், நம் வீடு போகாது. அது அவருக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் கோத்தா பாருவில் இருந்தோம். "அண்ணே, செமினியில வெயில்ல நிக்கிறோம், லோரி எங்க?" என்று ராஜு கத்தினார். சேகரைக் கூப்பிட்டேன். "அப்பவே போட்டாச்சுண்ணே. அக்கா தேத்தண்ணி, முறுக்கு எல்லாம் குடுத்தாங்க" என்றார். பிரித்து ஏற்று, செமினிக்குப் போ என்றேன். லெட்சுமி அக்கா அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கிவிட்டார். "வாசல்ல போட்ட பந்தலை விசேஷம் நடக்காம பிரிக்கிறதா? குடும்பத்துக்கு ஆகுமா? எல்லா விசேஷத்தையும் அவன் வீட்டுலயே வச்சான் என் தம்பி. இன்னைக்கித்தான் அக்கா நெனப்பு வந்திருக்கு. ஒரு கம்பியக் கழட்டுங்க, லோரிக்கு முன்னால படுத்துக்குறேன்!" சேகரும் பந்தலைத் தொட மாட்டேன் என்றுவிட்டார், அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. லெட்சுமி அக்காவை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் பிடித்துப்போனது. மனசில் வைத்திருக்கத் தெரிந்த மனுஷி.

கடையில் வேறு கெனோப்பி இல்லை. சனிக்கிழமை எல்லாம் வெளியே போயிருந்தன. அதற்குள் குணசீலன் கூப்பிட்டார். "நாற்காலியத் தொடச்சு வச்சிருக்கேண்ணே. எப்ப வரீங்க?" ஸ்பீக்கரில் இருந்ததால் பரமேஸ்வரிக்கும் கேட்டது. அவள் காயப்போட்டிருந்த துணிகளை எடுத்து மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினாள். குணசீலன் செய்த எல்லாவற்றையும்விட அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பாதி மடித்தவள் திடீரென்று கேட்டாள்: "சாப்பாடு எங்கேருந்து வருதாம்?" ராஜுவிடம் கேட்டேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் சொல்லியிருக்கிறாராம். "அப்ப ஆளுங்களும் அங்கயே போகட்டுமே" என்றாள்.

சொன்னேன். ராஜு என்னை என்னென்னவோ திட்டினார். அதையெல்லாம் தனியாக நினைவு வைத்திருக்கிறேன். திட்டி முடித்து, "அக்கா நெஜமாவே சந்தோஷமா இருக்கா?" என்று கேட்டார். லோரிக்கு முன்னால் படுக்கிற அளவுக்குச் சந்தோஷம் என்றேன். குடும்ப வாட்ஸாப் குழுவில் இடத்தை மாற்றிப் போட்டார். சாயங்காலம் முதலாளியம்மாவே ராஜுவுக்கு ஸ்பீக்கரில் போன் செய்தார். பக்கத்தில் குணசீலன் காத்திருந்தாராம். கடையில் நின்ற சேகர் பிறகு எனக்குச் சொன்னது. "சார், கெனோப்பி வந்துச்சா, வரலயா?" என்று முதலாளியம்மா கேட்டாராம். ராஜுவுக்குப் பின்னால் ஒரே பாட்டும் சிரிப்புமாக இருந்ததாம். அவர் சொன்னார்: "கெனோப்பி கரெக்டா வந்துச்சும்மா. நாங்கதான் வேற வீட்டுல நின்னுக்கிட்டிருந்தோம்."

ஊர் ஊராகச் சுற்றி வேலை பார்த்ததில் நான் கண்டது இவ்வளவுதான்: கடலும் மலையும் எல்லா ஊரிலும் நன்றாகத்தான் இருக்கின்றன, போன் சார்ஜ் போடுகிற இடம்தான் எந்த ஊரிலும் கட்டிலுக்குப் பக்கத்தில் இல்லை.