குசினிப் பூட்டு

என் தம்பிக்கு முப்பது வயது. பிறவியிலேயே வந்த மரபணுக் குறைபாட்டால், எவ்வளவு சாப்பிட்டாலும் அவனுக்குப் பசி அடங்காது. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில் சமையல் நடக்கும் குசினி எப்போதும் பூட்டியே இருக்கும்.

புதிய மருந்தொன்றின் பரிசோதனையில் அவனையும் சேர்த்தார்கள். சில வாரங்களில், தட்டில் பாதி இடியப்பம் கிடக்க, "எனக்குக் காணும் அக்கா, வயிறு நிறைஞ்சிட்டுது" என்றான். அம்மா அழுதேவிட்டார். பூட்டைக் கழற்றினோம்.

பிறகொரு நாள் டொக்டர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மற்ற ஆக்களுக்கு மருந்து வேலை செய்யேல்லையாம். பரிசோதனையை நிப்பாட்டிட்டினம். இனி மருந்து வராது."

வீட்டுக்கு வந்ததும் தம்பி பூட்டைத் தேடியெடுத்து என் கையில் வைத்தான்.

"இண்டைக்கே பூட்டுங்கோ அக்கா. பசி வந்தா நான் பூட்ட விடமாட்டன்."

பூட்டினேன். சில நாட்களில் பசி திரும்பிவிட்டது. இப்போது கதவைத் தட்டி அழுகிறான். முன்பும் அழுதவன்தான். ஆனால் வயிறு நிறைவது எப்படியிருக்கும் என்று அப்போது அவனுக்குத் தெரியாது.